பம்பலப்பிட்டி தெரிவுசெய்த வைத்தியர்: மேரி இரத்தினம் அம்மையார்

பள்ளிக்கூடம் விட்டுக் காலி வீதியால் பஸ்ஸில் வீடு திரும்பிய நாள்களில் பம்பலப்பிட்டி என்றதும் நம் நினைவுக்கு வந்தவை சில. ஆடிவேல் விழாவில் செட்டியார் தெருவிலிருந்து வரும் வேல் இரதத்துக்காகக் காத்திருக்கும் கோவில்கள், கடலைத் தொட்டுக்கொண்டு நிற்கும் புகையிரத நிலையம், தீபாவளிக்கும் வருடப்பிறப்புக்கும் அம்மாமாரோடு ஏறி இறங்கிய புடைவைக் கடைகள். இந்த வட்டாரத்து மக்கள்தாம் 1937ஆம் ஆண்டு கொழும்பு மாநகர சபைக்கு முதன்முதலாக ஒரு பெண்ணைத் தெரிவுசெய்து அனுப்பினார்கள் என்பது நமக்கு அப்போது தெரியாது. அந்தப் பெண் தமிழ்ப் பெயர் தாங்கிய ஒரு கனேடிய வைத்தியர் என்பதும் தெரியாது. மருத்துவம் படித்து முடித்து, பெண்களுக்கான வாட்டுகளில் வேலை செய்யத் தொடங்கிய பின்னர்தான் வைத்திய கலாநிதி மேரி இரத்தினம் என்ற பெயர் நம் கண்ணிற் பட்டது.

நூற்றாண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது வேறு யாரையும் பற்றி எழுத நமக்குத் தோன்றவில்லை. பல பத்தாண்டுகளாக இந்த நாட்டில் பெண்களைச் சங்கம் சங்கமாகக் கூட்டிவைத்தவர் அவர். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சுகாதாரம் ஒரு பாடமாக வேண்டும் என்று சொல்லி, அதற்கான நூலையும் தாமே எழுதியவர். பெண்கள் பாடசாலை ஒன்றின் பழைய மாணவியர் கூடி நூறாண்டைக் கொண்டாடும்போது அவருக்கு நாம் பட்ட கடன் பெரியது.

மேரி ஹெலன் இர்வின் 1873ஆம் ஆண்டு யூன் மாதம் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள எலோரா என்னும் சிற்றூரிலே பிறந்தார். பிரெஸ்பிற்றீரியன் சபையைச் சேர்ந்த குடும்பம். ரொறன்ரோவிலே மருத்துவம் பயின்று வைத்தியரானார். அக்காலத்தில் ஒரு பெண்ணுக்கு அது எளிதாகக் கிடைத்த பேறன்று. ஒரு தலைமுறைக்கு முன்னர் எமிலி ஸ்ரோ என்ற பெண்மணிக்கு ரொறன்ரோவில் மருத்துவம் படிக்க இடம் கொடுக்க மறுத்துவிட்டார்கள். அவர் நியூயோர்க் சென்று படித்து 1867இல் பட்டம் பெற்றார். 1883இல்தான் ரொறன்ரோவில் பெண்களுக்கென ஒரு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அப்படித் திறந்த வாசலால் உள்ளே போன முதல் தலைமுறைப் பெண்களுள் மேரியும் ஒருவர்.

அந்நாளில் மேலைநாட்டுப் பெண் வைத்தியர் பலருக்குத் தம் நாட்டை விடக் கீழைத்தேயங்களிலேயே வேலை காத்திருந்தது. ஆண் வைத்தியரிடம் உடம்பைக் காட்ட மறுக்கும் பெண்கள் நோயோடும் பிரசவ வேதனையோடும் வீட்டுக்குள்ளேயே கிடந்து இறந்தார்கள். இலங்கை மருத்துவக் கல்லூரி 1870இல் தொடங்கியதாயினும் பெண்களைச் சேர்த்தது 1892 அளவில்தான். ஆகவே 1896இல் இத்தீவில் பெண் வைத்தியர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். யாழ்ப்பாணத்தில் 1816 முதல் பணிசெய்துவந்த அமெரிக்க மிஷனுக்குப் பெண் வைத்தியர் ஒருவர் தேவைப்பட்டார். அந்தப் பணியை ஏற்று 1896இல் மேரி கப்பலேறினார். அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று.

வந்த இடத்தில் பணி கிடைக்கவில்லை. காரணம் அவருடைய திருமணம். அமெரிக்காவிலே கல்வி கற்ற தமிழ்க் கிறிஸ்தவரான சாமுவேல் கிறிஸ்மஸ் கனகரத்தினம் என்பவரை அவர் அவ்வாண்டிலேயே மணந்துகொண்டார். ஒரே சமயம், ஒரே வேதம், ஒரே வழிபாடு. இருந்தும் உள்நாட்டவர் ஒருவருக்கு மனைவியான வெள்ளைக்காரப் பெண்ணைத் தம்மோடு வைத்துக்கொள்ள மிஷனரிமார் விரும்பவில்லை. தமிழ்ப் பெண்களுக்கு வைத்தியம் செய்ய வந்தவரைத் தமிழரை மணந்தார் என்பதற்காக ஒதுக்கிவைத்தார்கள். இணுவிலில் மிஷனின் பெண்கள் வைத்தியசாலை 1898இல் எழுந்தபோது அவர் அங்கே இல்லை.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்கிறோம். நம் பாடசாலையின் பழைய மாணவிகளுள் எத்தனையோ பேர் படித்து முடித்து, திருமணத்தின் பின்னர் படித்த படிப்பைப் பெட்டிக்குள் பூட்டிவைத்தவர்கள். சிலர் விரும்பிச் செய்தார்கள். பலருக்கு வேறு வழி இருக்கவில்லை. மேரி அம்மையாருக்கும் ஊருக்குத் திரும்பிப் போக ஒரு வழி இருந்தது. அவர் போகவில்லை. கொழும்பிலே தங்கி, பெண்களுக்கென அமைந்த லேடி ஹவ்லொக் வைத்தியசாலையில் சிறிது காலம் பணிபுரிந்தார். பின்னர் சொந்தமாக வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். கணவர் கல்வித்துறையில் ஈடுபட்டார். பிள்ளைகளும் பிறந்தார்கள். குடும்பம், வைத்தியம், பொதுவேலை மூன்றையும் அவர் ஒருசேர நடத்தினார்.

நோயாளரைப் பார்க்கப் பார்க்க அவருக்கு ஒன்று தெளிவாகியிருக்க வேண்டும். மருந்தெழுதிக் கொடுத்து அனுப்பிய பெண் அடுத்த வருடம் அதே நோயோடு, இன்னொரு பிள்ளையோடு திரும்பி வருவாள். நோயின் வேர் சமையலறையிலும் கிணற்றடியிலும் கிடக்கும். அவளுடைய அறியாமையிலும், வீட்டில் அவள் சொல்லுக்கு மதிப்பில்லாமையிலும் கிடக்கும். இதைத் தனியொரு வைத்தியர் மாற்ற முடியாது. பெண்கள் ஒன்றாக இருந்து பேசவேண்டும். அதற்கு ஓர் இடம் வேண்டும்.

1904இல் இலங்கைப் பெண்கள் சங்கம் உருவானது. இந்நாட்டில் பெண்களுக்கெனத் தோன்றிய முதல் அமைப்புகளுள் ஒன்று அது. 1909இல் தமிழ் மாதர் சங்கம் கொழும்பிலே தொடங்கியது. இரண்டிலும் முன்னின்றவர் மேரி அம்மையார். தமிழ் மாதர் சங்கம் இன்றும் இருக்கிறது. அதன் கலாலயத்தில் வீணையும் வாய்ப்பாட்டும் பரதமும் பயின்றவர்கள் இந்த மலரைப் படிப்போரிடையே நிச்சயம் இருப்பார்கள். கனடாவிலே பிறந்த ஒரு பெண் தொடங்கிவைத்த சங்கத்தில் தமிழ்ப் பிள்ளைகள் தமிழிசை பயின்றார்கள் என்பதை இங்கே குறித்து வைக்கிறோம்.

நம் சங்கம் தோன்றிய 1920களில் அம்மையாரின் பார்வை பாடசாலைகள் மீது திரும்பியது. பாடசாலைகளுக்கான சுகாதாரக் கைநூலொன்றை அந்தப் பத்தாண்டில் எழுதினார். அடுத்த பத்தாண்டில் ஆசிரியர்களுக்கான மனையியல் கைநூலும் வெளிவந்தது. நீரைக் கொதிக்கவைத்துக் குடிப்பதும், கைகழுவுவதும், பாலை மூடிவைப்பதும், பிள்ளைக்கு எந்த மாதத்தில் எந்த உணவு கொடுக்கவேண்டும் என்பதும் அக்காலத்தில் உயிர்காக்கும் அறிவு. அதோடு அவர் நிற்கவில்லை. இளம் பெண்களைக் கூட்டி, அவர்களுடைய உடம்பைப் பற்றியும் இனப்பெருக்கத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசினார். பெரியவர்கள் முகஞ்சுளித்த விடயம் அது.

இன்றும் முகஞ்சுளிக்கிறார்கள். சில வருடங்களுக்கு முன்னர் உயர்தரம் படிக்கும் பிள்ளை ஒருத்தியை மயக்கமுற்ற நிலையில் நம்மிடம் கொண்டுவந்தார்கள். ஈமோகுளோபின் ஐந்துக்கு இறங்கியிருந்தது. இரண்டு வருடமாக மாதவிடாயின்போது அளவுக்கு மீறி இரத்தம் போயிருக்கிறது. அது வழமைக்கு மாறானது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. பெண்ணாய்ப் பிறந்தால் இதெல்லாம் இருக்கும் என்று தாயார் நினைத்திருந்தார். தாயாரும் படித்தவர், உத்தியோகம் பார்ப்பவர். இரத்தம் ஏற்றி, சிகிச்சை கொடுத்து அவளைப் பரீட்சைக்கு அனுப்பிவைத்தோம். பரிசோதனைச் சாலையும் மருந்தும் நம்மிடம் இருந்தன. அவளிடம் இல்லாதது ஓர் அரைமணிநேரப் பாடம். நூறு வருடத்துக்கு முன்னர் மேரி அம்மையார் கையிலெடுத்த பாடம் அது.

1927இன் இறுதியில் டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தது. நாட்டின் அரசியல் அமைப்பை எப்படி மாற்றலாம் என்று ஆராய வந்த குழு. பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்று கேட்பதற்காகப் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் ஒன்று அவசரமாக உருவானது. அக்னஸ் டி சில்வா அதன் செயலாளராக நின்று உழைத்தார். மேரி அம்மையாரும் அதில் முக்கிய பங்கெடுத்தார். சிங்களப் பெண்களும் தமிழ்ப் பெண்களும் பறங்கியப் பெண்களும் ஒன்றாகச் சென்று ஆணைக்குழுவின் முன் சாட்சியமளித்தார்கள். முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கே வாக்குரிமை என்று ஆணைக்குழு விதந்துரைத்தது. இறுதியில் ஆண், பெண் இருபாலாருக்கும் 21 வயதில் வாக்குரிமை கிடைத்தது. 1931இல் நடந்த தேர்தலில் இலங்கைப் பெண்கள் முதன்முறையாக வாக்களித்தார்கள். அவ்வாண்டிலேயே அட்லின் மொலமூரே அரசாங்க சபைக்குத் தெரிவானார். மறு ஆண்டு கொழும்பு வடக்கிலிருந்து நேசம் சரவணமுத்து தெரிவானார்.

வாக்குரிமைக்காக உழைத்தவர்கள் பெரும்பாலும் கொழும்பிலே வாழ்ந்த, ஆங்கிலம் கற்ற, வசதியுள்ள பெண்கள். கிராமத்துப் பெண்ணுக்கு அந்த உரிமையோடு வேறும் பல தேவைப்பட்டன. அதற்கான வழியை அம்மையார் தாம் பிறந்த மாகாணத்திலேயே கண்டார். ஒன்ராறியோவில் அடிலேட் ஹூட்லெஸ் என்ற தாய் 1889இல் தன் கைக்குழந்தையைப் பறிகொடுத்தார். மாசுபட்ட பால் கொடுத்ததே காரணம் என்று அறிந்ததும், இதை முன்னரே தெரிந்துகொள்ளாமற் போனேனே என்று வருந்தியவர் மற்றைய தாய்மாருக்குக் கற்பிக்கப் புறப்பட்டார். அவருடைய முயற்சியால் 1897இல் அங்கே கிராமப் பெண்கள் நிறுவகம் தோன்றியது. பண்ணைவீட்டுப் பெண்கள் மாதமொருமுறை கூடி உணவு, சுகாதாரம், பிள்ளை வளர்ப்பு, கைத்தொழில் ஆகியவற்றைத் தமக்குள்ளே கற்றுக்கொள்ளும் அமைப்பு அது.

அந்த மாதிரியை இந்நாட்டுக்கு ஏற்றபடி மாற்றி 1930களின் தொடக்கத்தில் அவர் நிறுவியதே லங்கா மகிளா சமிதி. கிராமத்துக்குக் கிராமம் ஒரு சமிதி. அதன் தலைவியும் செயலாளரும் பொருளாளரும் அவ்வூர்ப் பெண்களே. மலசலகூடம் அமைத்தல், வீட்டுத்தோட்டம், நெசவு, தையல், முதலுதவி, குழந்தைப் பராமரிப்பு என்று வேலை நடந்தது. நகரத்திலிருந்து போனவர்கள் கற்றுக்கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள்; நடத்தியவர்கள் ஊரார். கூட்டக் குறிப்பு எழுதுவதும், கணக்கு வைப்பதும், எழுந்து நின்று நாலுபேர் முன் ஒரு கருத்தைச் சொல்வதும் அந்தப் பெண்களுக்குப் புதிது. காலப்போக்கில் நூற்றுக்கணக்கான கிராமங்களில் சமிதிகள் இயங்கின. சிறிமாவோ பண்டாரநாயக்க பொதுவேலை பழகியதும் இங்கேதான். 1941இல் மகிளா சமிதியிற் சேர்ந்து, கிராமம் கிராமமாகச் சென்று, பின்னர் அதன் தலைவியுமானார். 1960இல் அவர் உலகின் முதற் பெண் பிரதமரானதை மேரி அம்மையார் உயிரோடு இருந்து கண்டார்.

அம்மையார் செய்தவற்றுள் மிகக் கடினமானது குடும்பத்திட்ட வேலை என்றே மருத்துவரான நாம் கருதுகிறோம். 1930களில் இலங்கையில் ஆயிரம் உயிர்ப் பிறப்புக்கு ஏறத்தாழ இருபது தாய்மார் இறந்தார்கள். இன்று ஓர் இலட்சம் பிறப்புக்கே ஏறத்தாழ முப்பது. அன்றைய நிலையில் எட்டு, ஒன்பது பிள்ளை பெறும் பெண் ஒவ்வொரு முறையும் உயிரைப் பணயம் வைத்தாள். இரத்தச்சோகையும் மலேரியாவும் அவளை ஏற்கெனவே பாதி கரைத்திருக்கும். அடுத்த பிள்ளையைச் சற்றுத் தள்ளிப்போட வழி தெரிந்தால் பலர் பிழைப்பார்கள். இதை அறிந்தே 1932இல் கொழும்பில் கருத்தடை ஆலோசனை நிலையமொன்றை அவர் திறந்தார். எதிர்ப்பு பலமாக எழுந்தது. சமயத்தின் பேராலும் ஒழுக்கத்தின் பேராலும் கண்டனங்கள் வந்தன. அந்த நிலையம் நிலைக்கவில்லை.

அவரும் விடவில்லை. இருபது வருடம் கழித்து, 1953இல் சில்வியா பெர்னாண்டோ முதலானோர் குடும்பத்திட்டச் சங்கத்தை நிறுவியபோது, எண்பதை எட்டிக்கொண்டிருந்த மேரி அம்மையாரும் அவர்களோடு நின்றார். அந்தச் சங்கத்தின் மருத்துவப் பணியைத் தோளிற் சுமந்தவர் வைத்திய கலாநிதி சிவா சின்னத்தம்பி என்ற தமிழ்ப் பெண்மணி. 1965இல் அரசாங்கம் குடும்பத்திட்டத்தைத் தாய் சேய் நலச் சேவையின் ஒரு பகுதியாக ஏற்றுக்கொண்டது. இன்று குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர் வீட்டு வாசலில் வந்து இளம் தாயோடு இதைப் பேசுவது சாதாரண விடயம். 1932இல் மூடப்பட்ட கதவு அது.

இனிப் பம்பலப்பிட்டிக்கு வருவோம். 1937இல் கொழும்பு மாநகர சபைத் தேர்தலில் பம்பலப்பிட்டி வட்டாரத்தில் அம்மையார் போட்டியிட்டார். வயது அறுபத்து நான்கு. வடிகால், குப்பை, குடிநீர், சேரி வீடு, தாய் சேய் நிலையம் ஆகியவை எல்லாம் மாநகர சபையின் கையில் இருந்தவை. வைத்தியர் ஒருவர் நாள்தோறும் காணும் நோய்களின் ஊற்றுக்கண்களும் அவையே. வட்டாரத்து மக்கள் அவரைத் தெரிவுசெய்தார்கள். இலங்கையில் உள்ளூராட்சி மன்றமொன்றுக்குத் தெரிவான முதற் பெண் அவர். ஆனால் சட்ட நுணுக்கம் ஒன்றைக் காட்டி அந்தப் பதவி அவரிடமிருந்து விரைவிலேயே பறிக்கப்பட்டது. நெடுங்காலம் இருந்து சபையில் எதையும் செய்துகாட்ட அவருக்கு வாய்க்கவில்லை.

எனினும் வழி திறந்தது. 1949இல் ஆயிஷா ரவூப் அதே மாநகர சபைக்குத் தெரிவானார். பின்னர் துணை மேயருமானார். பம்பலப்பிட்டியிலுள்ள முஸ்லிம் மகளிர் கல்லூரியின் முதல் அதிபர் அவர். கொழும்புக்கு ஒரு பெண் மேயர் கிடைக்க 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மேரி அம்மையார் வென்ற நாளிலிருந்து கணக்கிட்டால் எண்பத்தொரு வருடம்.

பிலிப்பைன்ஸ் ஜனாதிபதி ரமொன் மக்சேசேயின் நினைவாக நிறுவப்பட்ட விருது முதன்முறையாக வழங்கப்பட்டது 1958இல். அந்த முதலாம் ஆண்டிலேயே பொதுச்சேவைக்கான விருது மேரி அம்மையாருக்குக் கிடைத்தது. வினோபா பாவேயும் அவ்வாண்டு விருது பெற்றவர்களுள் ஒருவர். அதே 1958இல் இந்நாடு எப்படி இருந்தது என்பதை நம் பாட்டிமார் அறிவார்கள். மே மாதத்து வன்செயலில் வீடிழந்து, அகதிகளாகக் கப்பலேறி யாழ்ப்பாணம் போன குடும்பங்களில் நம் பழைய மாணவியரும் இருந்தார்கள். சிங்களக் கிராமங்களில் சமிதி சமிதியாகப் பெண்களைக் கூட்டிய ஒருவர், தமிழ்ப் பெயரோடு, அவ்வாண்டிலே இலங்கையின் பேரால் விருது பெற்றார். அவரை மணமகனின் இனம் பார்த்து ஒதுக்கியபோது வயது இருபத்து மூன்று. இன்னொரு வகையான ஒதுக்கலை நாடு முழுவதும் கண்டபோது எண்பத்தைந்து.

1962இல் அவர் காலமானார். பிறந்த நாட்டில் வாழ்ந்தது இருபத்து மூன்று வருடம். இங்கே வாழ்ந்தது அதைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு.

அவருடைய வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கையில் ஒன்றை நாம் கவனிக்கிறோம். அவர் தொடங்கிய எதையும் தமக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. தமிழ் மாதர் சங்கத்தைத் தமிழ்ப் பெண்களிடமும், மகிளா சமிதியைக் கிராமத்துப் பெண்களிடமும், குடும்பத்திட்ட வேலையை இளைய வைத்தியர்களிடமும் கையளித்தார். அதனாற்றான் அந்த அமைப்புகள் அவருக்குப் பின்னும் இருந்தன. அதனாற்றான் அவருடைய பெயர் மறைந்தும் போனது.

நம் சங்கமும் நூறு வருடமாகக் கூடிக் கலைகிறது. கட்டட நிதிக்குப் பணம் சேர்த்திருக்கிறோம், புலமைப்பரிசில் கொடுத்திருக்கிறோம், வருடாந்த இராப்போசனம் வைத்திருக்கிறோம். அவையெல்லாம் நல்ல காரியங்களே. அவற்றோடு ஒன்றைச் சேர்க்கலாம் என்பது நம் வேண்டுகோள். நம்மிடையே வைத்தியர்கள் இருக்கிறார்கள், தாதியர் இருக்கிறார்கள், உளவள ஆலோசகர்கள் இருக்கிறார்கள். தவணைக்கு ஒருமுறை தரம் எட்டு முதல் உயர்தரம் வரையுள்ள பிள்ளைகளோடும், இன்னொரு நாளில் அவர்களுடைய தாய்மாரோடும், கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மணிநேரம் இருந்து பேசுவோம். மாதவிடாய், இரத்தச்சோகை, உணவு, கருப்பை, மார்பகம், பயம், வெட்கம் எல்லாவற்றையும் பற்றிப் பேசுவோம். எந்தக் கேள்வியையும் பிள்ளைகள் கேட்கட்டும். ஈமோகுளோபின் ஐந்துக்கு இறங்கும்வரை வாய்திறவாமல் இருக்க இனி நம் பாடசாலைப் பிள்ளை ஒருத்திக்கும் நேரக்கூடாது.

இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. மண்டபமும் கதிரைகளும் நமக்கு ஏற்கெனவே உண்டு. முதல் வகுப்பை நடத்த நாம் ஆயத்தமாக இருக்கிறோம். நூற்றாண்டு நிறைவடையும் முன்னர் அதைத் தொடங்கினால் மேரி இரத்தினம் அம்மையாருக்கு நாம் செய்யும் நன்றிக்கடன் அதுவாக இருக்கும்.